கொப்பியும் பென்சிலும் கொண்டு ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டையும் அவர்கள் ஒருங்கே வைத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் செலவு மிகுதி, ஆட்கள் பலர், வேலைகள் பல, முடிய வேண்டிய நாளோ ஒன்று. ஒரு வேலை பிசகினால் அதன் பின்னுள்ளவை யாவும் வரிசையாகப் பிசகும். இத்தகைய கருமங்களை ஒழுங்குற நடத்தும் முறையையே இக்காலத்தார் செயற்றிட்ட முகாமைத்துவம் எனப் பெயரிட்டு, கல்லூரிகளில் தனிக் கலையாகப் பயிற்றுகின்றனர். பெயர் பெரிதாயினும் அடிப்படை எளிது. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பி ஒன்றையும் பென்சில் ஒன்றையும் துணையாகக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதில் இதன் அரிச்சுவடியைக் கற்றுவிடலாம்.

இக்கலை நம் மலைநாட்டுக்கு எவ்வளவு வேண்டியது என்பதற்கு நோர்வூட்டே சான்று. 2017 மே 12 ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் திரண்டிருந்த தோட்ட மக்கள் முன்னிலையில் பேசினார். ஏலவே உடன்பட்ட 4,000 வீடுகளோடு, மலையகத்தில் மேலும் 10,000 வீடுகள் அமைக்க இந்தியா உதவும் என்று அன்று அவர் அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்தில் முதற்கட்ட வீடுகளுக்கான அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றன. இடையில், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, சீமெந்தின் விலை இருமடங்குக்கும் மேலாக ஏறிற்று. அறிவிப்பு வெளியான ஆண்டில் லயக் காம்பராவில் பிறந்த குழந்தை, அடிக்கல் நாட்டும் வேளையில் புத்தகப் பை சுமந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையாகிவிட்டது.

குறை எவருடையது என்று ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. ஒரு தோட்டத்து வீட்டுக்கு அடிக்கல் நாட்டு முன்னர் எத்தனை கண்ணிகள் இணைய வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதே மாணவர்க்குப் பயன் தரும். காணியைத் தெரிவு செய்ய வேண்டும். மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். குத்தகைக்கு வைத்திருக்கும் தோட்டக் கம்பனி அந்நிலத்தை விடுவிக்க வேண்டும். குடும்பந்தோறும் காணியை அளந்து பிரிக்க வேண்டும். பயனாளிகளின் பட்டியல் தயாராக வேண்டும். பாதையும் நீரும் வர வேண்டும். இவற்றுள் ஒன்று நின்றாலும், பணம் வங்கியில் இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னைய 4,000 வீடுகளுக்குக் கையாளப்பட்டது, பயனாளிக் குடும்பமே முன்னின்று கட்டும் முறை. வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்குரிய தவணைப் பணம் வரும். அப்படியாயின், காலையில் கொழுந்துக்குச் செல்லும் தாயும் கவ்வாத்துக்குச் செல்லும் தந்தையும் மாலையில் ஒரு செயற்றிட்டத்தின் முகாமையாளர்கள் ஆகிவிடுகின்றனர். அவர்களுக்கு இக்கலையைக் கற்பிப்பவர் யார்? வீட்டில் படிக்கும் பிள்ளையே கற்பிக்கலாம்.

முதற் பாடம் நமக்குப் புதியதன்று. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர் யாவரும் அதனை அறிவர். கொழுந்தை வாட்டாமல் உருட்ட முடியாது. உருட்டாமல் நொதிக்க விட முடியாது. நொதித்ததை உரிய வேளையில் உலர்த்தாவிடில் தேயிலை கெடும். உலர்த்திய பின்னரே சலித்துத் தரம் பிரிக்கலாம். எந்த வேலைக்கு எந்த வேலை முந்தியது என்னும் இந்த அறிவே திட்டமிடலின் உயிர்.

இனிக் கொப்பியைத் திறப்போம். முதலாவது கருவி வேலைப் பகுப்பு. "வீடு கட்டுதல்" என்று ஒரே வரியில் எழுதினால் மலைப்புத்தான் மிஞ்சும். அதனைச் சிறு வேலைகளாகப் பிரித்து எழுதுங்கள்: நிலம் சமப்படுத்தல், அத்திவாரம், சுவர், கூரை, பூச்சும் தளமும், கதவு யன்னல் செய்வித்தல், கூரைத் தகடு தருவித்தல். ஒவ்வொன்றும் ஒருவரிடம் ஒப்படைக்கத்தக்க அளவுக்கும், எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்லத்தக்க அளவுக்கும் சிறிதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது கருவி, வரிசையும் நாட்கணக்கும். ஒரு சிறு வீட்டுக்குக் கணக்கு விளங்கும் பொருட்டு நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். நிலம் சமப்படுத்த 10 நாள். அத்திவாரத்துக்கு, நீரூற்றி இறுக விடும் நாளும் சேர்த்து, 12 நாள். சுவருக்கு 20 நாள். கூரைக்கு 8 நாள். பூச்சுக்கும் தளத்துக்கும் 14 நாள். இவை ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ முடியும். கூட்டினால் 64 நாள். கதவு யன்னல் செய்யத் தச்சருக்கு 25 நாள் வேண்டும். ஆனால், அவர் அத்திவாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே தம் பட்டறையில் தொடங்கலாம். பூச்சு வேலை ஆரம்பமாகும் வேளையில், அதாவது 50 நாள் கழிந்ததும், அவை கைக்கு வந்தாற் போதும். ஆகவே தச்சருக்கு 25 நாள் தளர்வு உண்டு. கூரைத் தகடு வந்து சேர 15 நாள் ஆகுமெனில், சுவர் முடியும் 42 ஆம் நாளுக்குள் அது வர வேண்டும். அதற்குத் தளர்வு 27 நாள்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? 64 நாள் கொண்ட அந்த மிக நீண்ட சங்கிலியே வீடு முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. அச்சங்கிலியில் ஒரு நாள் பிந்தினால் வீடு ஒரு நாள் பிந்தும். தளர்வுள்ள வேலை சற்றுப் பிந்தினாலோ நட்டமில்லை. ஆனால், தளர்வைக் கண்டு அயர்ந்துவிடலாகாது. தச்சரிடம் முற்பணம் கொடுப்பது 35 நாள் பிந்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் முடிக்க 60 நாள் ஆகிவிடும்; பூச்சு அதன் பின்னரே; வீடு 74 ஆம் நாளில்தான் முடியும். இப்போது தச்சரின் வேலையே நீண்ட சங்கிலியில் சேர்ந்துவிட்டது! எதனை இன்று துரத்த வேண்டும், எதனை நாளைக்கு விடலாம் என்று பிரித்தறியும் கண்ணை இக்கணக்கு நமக்குத் தருகிறது.

இதே கணக்கைத்தான் 1957 இல் அமெரிக்காவின் டூபொன்ட் இரசாயனக் கம்பனிக்காக மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்னும் இருவர் வகுத்தனர். மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்னும் இதன் உடன்பிறப்பை ஆக்கிக்கொண்டது. ஏவுகணைக்குப் பயன்பட்ட கணக்கு ஒரு சிறு வீட்டுக் காணிக்கும் பொருந்துகிறது.

மூன்றாவது கருவி கட்டைப் படம். ஹென்றி கான்ட் என்னும் அமெரிக்க இயந்திரவியலாளர் 1910 ஐ அடுத்த ஆண்டுகளில் இதனைப் பரப்பியமையால் கான்ட் படம் என்பர். கொப்பியின் இடப்பக்கம் வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேல் வரியில் நாட்களைக் குறியுங்கள். ஒரு சதுரம் இரண்டு நாளாயின் 64 நாளுக்கு 32 சதுரம். ஒவ்வொரு வேலையும் தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை சதுரங்களைப் பென்சிலால் நிரப்புங்கள். பேனை வேண்டாம், திட்டம் அழித்தெழுதும் தன்மையது. எழுத்துப் பழகாத பாட்டியும் அப்படத்தைப் பார்த்து, "இந்த வாரம் தச்சருக்குச் சொல்லியாயிற்றா?" என்று கேட்கலாம்.

படத்தோடு மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை நோர்வூட் மலைகளில் இறங்கிவிட்டால் மண்வெட்டும் கூரை வேலையும் நடவா. வாரத்துக்கு 6 வேலை நாளாயின் 64 நாள் என்பது ஏறத்தாழ 11 வாரம். ஆதலின், தைப்பொங்கல் கழிந்த மறுநாள் மண்வெட்டி எடுத்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் குடிபுகலாம். மாசிக் கடைசியில் எடுத்தாலோ, பூச்சு ஈரமாயிருக்கும்போதே மழை கதவைத் தட்டும். முடிவு நாளை முதலில் நிறுத்தி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளைக் காண்பதே இதன் நுட்பம்.

நான்காவது, பணமும் ஆளும். கட்டைப் படத்தின் கீழே இரு வரிகள் சேர்த்து, பணம் வரும் நாளையும் செல்லும் நாளையும் குறியுங்கள். வேலைக்குப் பின் தவணை வருமாயின், ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் கைப்பணம் வேண்டும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரரிடம் கடன் கேட்கும் நாள், வந்து விழும் நாளாக இராமல், முன்னரே அறிந்த நாளாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். இருவர் பெயர் எழுதிய வேலையை இருவரும் மறப்பர்.

பணமும் முடிவெடுப்போரும் சங்கிலியின் கண்ணிகளே என்பதற்கு, நோர்வூட்டுக்கு அண்மையிலுள்ள காசல்ரி நீர்த்தேக்கம் சாட்சி சொல்லும். டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918 ஆம் ஆண்டிலேயே இம்மலைகளின் நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் அளிக்கலாம் என்று கணக்கிட்டு எழுதினார். 1924 இல் தொடங்கிய வேலை இடையில் நின்றது. லக்ஷபானவில் மின்சாரம் பிறந்தது 1950 இல். அவர் மறைந்தது 1953 இல். காசல்ரி நீரால் இயங்கும் மின்நிலையம் 1965 இல் அவர் பெயரோடு எழுந்தது. பொறியியற் கணக்கில் பிழையில்லை. பணமும் ஆணையும் வந்து சேராமையால் 32 ஆண்டுகள் சென்றன. வள்ளுவரும் வினைசெயல்வகை அதிகாரத்தில் செல்வம், சாதனம், காலம், செயல், இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிச் செய்யுமாறு கூறுகிறார். நம் கொப்பியின் பக்கமும் இவ்வைந்தையுமே கேட்கிறது.

திட்டம் வரைந்தவுடன் மழை நிற்காது, விலை இறங்காது. ஆயினும், எது பிந்தினால் எது கெடும் என்பதை முன்னரே அறிந்த குடும்பம் ஏமாறுவது குறைவு. அதிகாரியின் முன் சென்று, "எங்கள் வீடு எப்போது வரும்?" என்று இரப்பதற்குப் பதிலாக, "காணி அளந்தாயிற்று. மண் ஆய்வு அறிக்கை எந்த நாளில் வரும்?" என்று அக்குடும்பம் கேட்கும். முதற் கேள்விக்குப் பொதுவான ஆறுதல் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும்.

இன்று இவ்வேலைகளைக் கணினியும் கைத்தொலைபேசியும் நொடியில் செய்து தருகின்றன. ஆயினும் வேலைகளைப் பிரிப்பதையும் முந்தியது பிந்தியது அறிவதையும் மனிதரே செய்ய வேண்டும். மாணவர்களே, அடுத்துவரும் பாடசாலை விளையாட்டுப் போட்டியையோ தோட்டத்துக் கோவில் திருவிழாவையோ எடுத்துக்கொண்டு, இந்த நான்கு கருவிகளையும் பழகிப் பாருங்கள். ஞாயிறுதோறும் படத்தை எடுத்து, முடிந்ததைக் கறுப்பாக்கி, பிந்தியதைத் திருத்துங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு வரும் நாளில் அந்தக் கொப்பி அம்மாவின் கையில் இருக்கட்டும்.