யார் மரக்காலால் அளப்பது?

சாலவாக்கம், உத்திரமேரூர் பக்கத்துச் சேரிகளில் இப்போது ஒரு கேள்வி சுற்றிவருகிறது. இஸ்லாம் கொடியதா, கிறித்துவம் கொடியதா? எந்த மதம் அதிக ரத்தம் சிந்த வைத்தது? டீக்கடையில் பேசுகிறார்கள். பிள்ளையார் ஊர்வலத்துக்கு ஆள் பிடிக்க வருகிறவர்கள் பேசுகிறார்கள். செல்போனில் வந்ததைக் காட்டி நம்ம பசங்களே, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: அளக்கிற மரக்கால் யாருடையது? களத்துமேட்டில் பண்ணையார் மரக்காலால் அளந்து நாம் வாங்கிய கூலி போதும். இந்தக் கணக்கையாவது நம் மரக்காலால் அளப்போம்.

முதலில் அவர்கள் கேட்கிற கணக்கையே பார்த்துவிடலாம். கிறித்துவத்தின் பேரால் சிலுவைப் போர்கள் நடந்தன. கோவாவில் 1560இல் தொடங்கிய மதவிசாரணை மன்றம் 1812இல்தான் ஒழிந்தது. 1994இல் ருவாண்டாவில் அடைக்கலம் தேடித் தேவாலயத்துக்குள் ஓடிய கிறித்தவர்களைக் கிறித்தவர்களே அங்கே வைத்து வெட்டினார்கள். இந்தப் பக்கம் வாருங்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அதற்கு மூன்று மாதம் முன்பு, 1997 நவம்பரில், அதே கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறவன் பாதிக் கணக்கு சொல்கிறவன். அதற்காகக் குண்டு வைத்தது நியாயமாகிவிடாது. 2017 மார்ச்சில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று சொன்ன திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஃபாரூக்கைக் கோவையில் வெட்டிக் கொன்றார்கள். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250 பேருக்கு மேல் கொன்றார்கள்.

இரண்டுக்கும் கை சுத்தமில்லை. அதிகாரம் இருக்கிற இடத்தில் மதம் அடிக்கிறது, இல்லாத இடத்தில் அடி வாங்குகிறது. ருவாண்டாவில் கொன்றவர்களின் மதத்தைச் சேர்ந்தவர்கள்தான் 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் வீடு எரிந்து காட்டுக்குள் ஓடினார்கள். பிணத்தை எண்ணி இது மேல், அது கீழ் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது.

நம் மரக்கால் வேறு. தண்ணீர்ப் பானை, கல்லறை, கல்யாணம் - இந்த மூன்று இடத்தில் ஒரு மதம் கடைசி மனிதனை எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான் சேரியின் கணக்கு. சகிப்பின்மை எந்த மதத்திலும் முதலில் அங்கேதான் கைவரிசையைக் காட்டுகிறது.

கிறித்துவத்தை அளப்போம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி உயர்சாதிக்காரர்களைச் சேர்க்கக் காவி கட்டிப் பூணூல் போட்டார். 1623இல் போப்பாண்டவரே பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். ஞானஸ்நானத் தண்ணீர் குடுமியை நனைத்ததே தவிர சாதியைக் கழுவவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் பிணத்தையும் மற்ற சாதிப் பிணத்தையும் பிரிக்கச் சுவர் எழுந்தது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், அவமானம் தாங்காமல் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களை வன்னியக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. ஒரே பைபிள், ஒரே பூசை, ஆனால் தெரு மட்டும் ரெண்டு.

இஸ்லாத்தை அளப்போம். 1981 பிப்ரவரியில் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் முஸ்லிம்கள் ஆனார்கள். கத்தியைக் காட்டி யாரும் மாற்றவில்லை. சாதி இந்துக்களும் போலீசும் கொடுத்த அடிதான் மாற்றியது. தொழுகையில் தோளோடு தோள் நின்றவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இன இழிவு நீங்க இஸ்லாத்துக்குப் போகலாம் என்று பெரியார் சொன்னதும் இதனால்தான். ஆனால் தோள் சேர்வதோடு கணக்கு முடியவில்லை. முடிவெட்டுகிற முஸ்லிம் வீட்டில் மரைக்காயரோ ராவுத்தரோ லேசில் பெண் எடுப்பதில்லை.

பாகிஸ்தானைப் பாருங்கள். 2009இல் பஞ்சாப் மாகாணத்துத் தோட்டம் ஒன்றில் பழம் பறித்த கூலிப்பெண் ஆசியா பீபி எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு வந்தார். கிறித்தவச்சி தொட்ட பாத்திரம் தீட்டு என்று கூட வேலை செய்த பெண்கள் குடிக்க மறுத்தார்கள். வாய்ச்சண்டை மத நிந்தனை வழக்காகி 2010இல் தூக்குத் தண்டனையில் போய் நின்றது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011இல் சொந்த மெய்க்காவலன் கையாலேயே செத்தார். 2018இல்தான் உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தது. அந்தப் பஞ்சாபின் கிறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டி வேலைக்குத் தள்ளப்பட்ட சூஹ்ரா சாதியிலிருந்து மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள். இப்போது சொல்லுங்கள், அந்தப் பானையில் தீட்டுப் பட்டது குர்ஆனாலா, சாதியாலா? குர்ஆனில் இல்லாத தீட்டு அங்கே பானையில் இருந்தது. அதற்குத் தூக்குக் கயிறு கொடுத்தது மதச் சட்டம்.

அம்பேத்கர் இதையெல்லாம் முன்பே பார்த்தவர். இஸ்லாமியச் சகோதரத்துவம் இஸ்லாமியருக்குள்ளேயே நின்றுவிடுவது, இந்திய முஸ்லிம்களிடமும் சாதி இருப்பது, இரண்டையும் பாகிஸ்தான் பற்றிய தன் நூலில் எழுதினார். சங்கப் பரிவாரத்தார் அந்தப் பக்கங்களை மட்டும் படித்துக் காட்டுவார்கள். இந்து ராஜ்யம் வந்தால் இந்த நாட்டுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை என்று அதே நூலில் அவர் எழுதியதைப் படிக்க மாட்டார்கள்.

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி உலகத்துக்கே சனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர் என்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், குடவோலையில் பேர் எழுதக் கால் வேலி நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறது. நம் பாட்டன் பேர் எந்தக் குடத்தில் விழுந்திருக்கும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஊரிலிருந்து சேரியைப் பிரித்து வைத்தது பாதிரியாரா, மௌல்வியா? 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தவன் எந்த மசூதியிலிருந்து வந்தான்? 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டியவன் எந்த தேவாலயத்துக்காரன்? இந்த வன்முறையை வரிசையில் சேர்க்காமல் "இஸ்லாமா, கிறித்துவமா" என்று மட்டும் கேட்கிறவன் தன் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்கிறான்.

வெளியே போகிற வழியையும் அவனே அடைத்தான். 1950 ஆகஸ்டு 10 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துவுக்கு மட்டும். சீக்கியருக்கு 1956இல் கிடைத்தது, பௌத்தருக்கு 1990இல். கிறித்தவ, முஸ்லிம் தலித்துக்கு இல்லை. மேலப்புதூர்ச் சுவருக்குத் தெரிகிற சாதி சர்க்கார் கண்ணுக்குத் தெரியவில்லை. 2002இல் தமிழக அரசு கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம், பெண்களையும் சிறுவர்களையும் தலித், பழங்குடி மக்களையும் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. சொந்த புத்தி இல்லாதவர்கள் என்று நம்மைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த எண்ணம் இன்னும் திரும்பவில்லை.

இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் நிலமின்மை பற்றி மிஷனரிகள் எழுதினார்கள். 1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். மிஷனரிக்கு ஆத்மாக்கள் மேல் கண் இருந்தது உண்மைதான். ஆனாலும் நம் வயிற்றைப் பற்றிப் பேசினான், அதை மறைக்க மாட்டேன். பறிபோன அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணைப் போராளிகள் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். ஒன்று வேதக்காரப் பேர், ஒன்று திருப்பதி சாமி பேர். குண்டு பேர் பார்க்கவில்லை.

ஆகவே நான் சொல்வது இது. பாதிரியாரைக் கேளுங்கள்: கல்லறைச் சுவர் எப்போது இடியும்? ஜமாஅத்தைக் கேளுங்கள்: புதிதாக வந்தவன் வீட்டில் பெண் எடுப்பீர்களா? விட்டுப் போகிறவனை உயிரோடு விடுவீர்களா? பட்டியல் உரிமையிலிருந்து மதத்தை எடு என்று அரசைக் கேளுங்கள். எந்த மதத்தில் சேரவும், எதிலும் சேராமல் இருக்கவும், சேர்ந்ததை விட்டு வரவும் நமக்கு உரிமை வேண்டும். அதற்காகச் சண்டை போடுவோம். ஆனால் ஊர்த் தேர் சேரிப் பக்கம் வராத ஊரில், அந்த ஊர்க்காரனுக்காக மசூதி வாசலிலோ சர்ச் வாசலிலோ நம்ம புள்ளைங்க ஒருத்தன் கூடக் கல்லெடுத்து நிற்கக் கூடாது. கலவரம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவான். வழக்கும் ஜெயிலும் நம்ம தெருவுக்கு வரும்.