எந்தக் கைக்கணினி என்பது கடைசிக் கேள்வி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை தொடங்கி, இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, குமுளி வரை, தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களிடம் புதிய ஆர்வம் ஒன்று வளர்ந்து வருகிறது. தோட்டக் கணக்கு, பால் கொள்முதல், சரக்கு இருப்பு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்திலிருந்து விடுவித்து, தம் தொழிலுக்கென்றே ஒரு செயலியை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த ஆர்வம். இது வரவேற்கத்தக்கது. ஆனால், இதற்கெனக் கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் கேள்வி, "ஐபேடா, ஆண்டிராய்டா, விண்டோஸா?" என்பதாக இருக்கிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பதே எங்கள் கருத்து.

செயலி எந்த வேலையைச் செய்யப்போகிறது, அந்த வேலை எங்கே நடக்கிறது, அதில் பதிவாகும் கணக்கு யாருடைய உடைமை ஆகியவை முதலில் தீர வேண்டும். இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்துவிட்டால், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது கடினமாக இராது.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஏலத்தோட்டத்தில் பறிக்கப்படும் பச்சைக்காய் நான்கைந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். ஆகவே தோட்டத்தில் எடுத்த எடை, உலர்ப்புக்கூடத்திலிருந்து வெளிவரும் எடை, ஏலத்துக்கு அனுப்பும் எடை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலம் கணினித் திரைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விற்பனை மின்னணு முறையில் நடக்க, விளைச்சல் கணக்கு மட்டும் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதே ஒரு தோட்டச் செயலியின் வேலை. சித்தூர் வட்டத்தின் பால் சங்கங்களில் வேலை வேறு: கொழுப்பு அளவும் கொழுப்பற்ற திடப்பொருள் அளவும் கொண்டு ஒவ்வொருவரின் பாலுக்கும் உரிய விலையைக் கணக்கிட வேண்டும், அதுவும் காலையிலும் மாலையிலும் வரிசை நகரும் வேகத்தில்.

அடுத்து, இடம். மலைச்சரிவில் கைபேசிச் சமிக்ஞை ஒரு வளைவில் கிடைத்து மறு வளைவில் மறைந்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரமும் அவ்வாறே. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது மூணாறு வெளியுலகத் தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே இப்பகுதிக்கான செயலி, இணைய இணைப்பு இல்லாதபோதும் பதிவுகளை ஏற்றுக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் அவற்றைத் தலைமைக் கணக்கில் சேர்ப்பதாக இருக்க வேண்டும். இணைப்பு இருந்தால் மட்டுமே இயங்கும் செயலி, எந்தக் கைக்கணினியில் இருந்தாலும், இங்கே பாதிச் செயலிதான்.

இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு மூன்று இயங்குதளங்களையும் எடைபோடலாம்.

ஆண்டிராய்டின் முதல் வலிமை விலை. இரண்டாவது, துணைக்கருவிகளோடு எளிதில் இணையும் தன்மை. சந்தையில் கிடைக்கும் மலிவான புளூடூத் ரசீது அச்சுப்பொறிகளும் மின்னணுத் தராசுகளும் பெரும்பாலும் ஆண்டிராய்டை மனத்தில் வைத்தே விற்கப்படுகின்றன. செயலியைக் கூகுள் பிளே அங்காடியில் வைக்காமல், உரிமையாளரே தம் கைக்கணினிகளில் நேரடியாக நிறுவிக்கொள்ளவும் முடியும். அங்காடியில் வைக்க விரும்பினால் பதிவுக் கட்டணம் ஒரே ஒரு முறை, 25 டாலர். இதன் குறை ஆயுள். மலிவான கைக்கணினிகள் பலவற்றுக்கு ஓரிரு பெரும் புதுப்பிப்புகளுக்கு மேல் கிடைப்பதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் பணக்கணக்கை வைத்திருப்பது, பூட்டு பழுதான பெட்டியில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

ஐபேடின் வலிமை அந்த ஆயுளில்தான் இருக்கிறது. 2014இல் வெளிவந்த ஐபேட் ஏர் 2, 2021இல் வெளியான ஐபேட் ஓஎஸ் 15 வரை புதுப்பிப்புகளைப் பெற்றது. "விலை கூடுதலானாலும் ஏழாண்டு உழைக்குமானால் அதுவே சிக்கனம் அல்லவா?" என்று வாடிக்கையாளர் கேட்பதில் நியாயம் உண்டு. ஓரிடத்தில் இருந்து இயங்கும் தங்கும் விடுதி, நகைக்கடை, மருத்துவமனை வரவேற்பறை போன்றவற்றுக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் மழையிலும் சேற்றிலும் ஜீப்பிலும் பயணப்படும் கருவி, புதுப்பிப்பு நிற்பதற்கு வெகுமுன்பே கீழே விழுந்து உடைந்துபோகலாம். உடைந்தால் பழுது பார்க்க அருகில் ஆள் உண்டா என்பதையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். மேலும், ஆப்பிள் அங்காடியில் செயலியை வைத்திருக்க ஆண்டுதோறும் 99 டாலர் செலுத்த வேண்டும். நிறுவனத்துக்குள் மட்டும் செயலியை வழங்குவதற்கான ஆப்பிளின் தனித்திட்டமோ, குறைந்தது 100 பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே உரியது.

விண்டோஸின் இடம் அலுவலக அறை. டாலி போன்ற கணக்கு மென்பொருளில் ஏற்கெனவே வேரூன்றிய தொழிலுக்கு அதை விட்டு விலகுவது எளிதன்று. ஆனால் இங்கும் காலக்கெடு உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவடைந்தது. பழைய கருவிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லை. வாங்குவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நலம்.

பெருநிறுவனத்தின் பெயரே பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. 2011 ஜூலையில் எச்பி நிறுவனம் வெளியிட்ட டச்பேட் கைக்கணினி, அடுத்த மாதமே கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வந்த பிளாக்பெர்ரி பிளேபுக்கும் நிலைக்கவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஆர்டி, பெயரில் விண்டோஸாக இருந்தும் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அதுவும் மறைந்தது. அந்தத் தளங்களை நம்பிச் செயலி எழுதியவர்களின் முதலீடு தளத்தோடு சேர்ந்தே போயிற்று.

இதனால்தான் நாங்கள் ஒரு நடுவழியைப் பரிந்துரைக்கிறோம். இணைய உலாவியிலேயே இயங்கும் செயலியாகவோ, ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற பொதுக் கட்டமைப்புகளைக் கொண்டோ உருவாக்கினால், ஒரே நிரலின் பெரும்பகுதி பல தளங்களுக்கும் பயன்படும். இன்று ஆண்டிராய்டில் தொடங்கி, நாளை தேவையானால் ஐபேடுக்குப் போகலாம். இதற்கும் வரம்பு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டிராய்டில் குரோம் உலாவி வழியாகப் புளூடூத் தராசோடு பேசும் இணையச் செயலி, ஐபேடின் சஃபாரி உலாவியில் அவ்வாறு பேச இயலாது. முகப்புத் திரையில் நிறுவிக்கொள்ளாத இணையச் செயலி சேமித்து வைத்த தரவை, அது ஏழு நாள் பயன்படுத்தப்படாவிட்டால் சஃபாரி அழித்துவிடவும் கூடும். எனவே தராசும் அச்சுப்பொறியும் இணைய வேண்டிய இடத்தில் பொதுக் கட்டமைப்பில் எழுதிய செயலி ஏற்றது. வெறும் பதிவும் பார்வையுமே தேவைப்படும் இடத்தில் இணையச் செயலி போதும். பணம் பெறுவதற்கெனத் தனியாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 2016 முதல் இயங்கும் யூபிஐ முறை, எந்தக் கைபேசியிலிருந்தும் க்யூஆர் குறியீட்டின் வழியே அதைச் செய்துவிடுகிறது.

இனி, கணக்கியல் பக்கம். வருமானவரி விதிகள் கணினிக்கும் கணினி மென்பொருளுக்கும் 40 விழுக்காடு தேய்மானத்தை அனுமதிக்கின்றன. ரூ.5 லட்சம் செலவில் கைக்கணினிகளும் செயலியும் வாங்கியதாகக் கொள்வோம். முழு ஆண்டுப் பயன்பாட்டின்படி அதன் ஏட்டு மதிப்பு முதலாண்டு முடிவில் ரூ.3 லட்சம், இரண்டாம் ஆண்டில் ரூ.1.80 லட்சம், மூன்றாம் ஆண்டில் ரூ.1.08 லட்சம். அந்தத் தொகை முழுவதையும் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்று, அசலைச் சம தவணைகளில் செலுத்தினால், மூன்றாம் ஆண்டு முடிவிலும் ரூ.2 லட்சம் கடன் நிலுவையில் இருக்கும். பொருளின் மதிப்பைவிடக் கடன் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே இத்தகைய முதலீட்டுக்கு மூன்றாண்டுக்கு மேற்பட்ட கடனை நாடாதிருப்பதே நல்லது. ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். அங்காடி விதிகளும் இயங்குதளங்களும் ஆண்டுதோறும் மாறுவதால், ஒருமுறை எழுதி முடித்துவிட்ட செயலி என்று ஒன்று இல்லை.

தரவின் உடைமை எல்லாவற்றினும் முதன்மையானது. மூல நிரல் யாருக்குச் சொந்தம், அங்காடிக் கணக்கு யார் பெயரில் உள்ளது, கணக்கு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியுமா என்ற மூன்றையும் மென்பொருள் உருவாக்குநருடனான ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. எழுதித் தந்தவர் தொழிலை விட்டுப் போனாலும், கைக்கணினி உடைந்தாலும், கணக்கு உரிமையாளரிடம் இருக்க வேண்டும்.

இதில் பணயமாக இருப்பது உரிமையாளரின் பணம் மட்டுமன்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவரும், தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு வந்து ஏலக்காய் பறிப்பவரும், எடை பதிவாகும் அந்த ஒரு நொடியை நம்பியே கூலி பெறுகிறார்கள். காகிதத்தில் எழுதியபோது அவர்கள் எட்டிப் பார்க்க முடிந்தது. கேள்வி கேட்க முடிந்தது. செயலிக்கு மாறியபின் அந்த உரிமை குறையக் கூடாது. எடையும் கூலியும் அவர் படிக்கும் மொழியில், தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ, திரையில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்; கேட்டால் துண்டுச்சீட்டாக அச்சிட்டுத் தரவும் வேண்டும். பணியாளரின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சேமிக்கும் உரிமையாளர், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் பொறுப்புகளையும் அறிந்திருப்பது அவசியம்.

எல்லைப் பகுதியின் பெரும்பாலான சிறுதொழில்களுக்கு நாங்கள் கூறும் ஆலோசனை இதுவே: இணைப்பில்லா நிலையிலும் இயங்கக்கூடிய, பொதுக் கட்டமைப்பில் எழுதப்பட்ட செயலி, களத்துக்கு நீரும் தூசியும் தாங்கும் நடுத்தர விலை ஆண்டிராய்டு கைக்கணினி, அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கணினி, ஐபேட், அதன் நீண்ட ஆயுளுக்கு உண்மையில் வேலை இருக்கும் இடத்தில் மட்டும். முதலில் இரண்டு கைக்கணினிகளோடு ஒரு பருவம் முழுவதும், மழைக்காலம் உட்பட, நோட்டுப் புத்தகத்தையும் நிறுத்தாமல் நடத்திப் பாருங்கள். இரண்டு கணக்கும் பொருந்தி வந்த பிறகு கிளைக்கு வந்து மீதிக் கருவிகளுக்கான கடனைப் பற்றிப் பேசலாம். அப்போது உங்கள் கையில் ஒரு பருவத்தின் கணக்கு இருக்கும். கடன் விண்ணப்பத்துக்கு அதைவிடச் சிறந்த இணைப்பு வேறில்லை.