பரிவு இல்லாதவர்களா?

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது, ஆகவே பரிவும் கிடையாது என்ற வாதத்துக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, 1985-இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகியோர் வெளியிட்ட பொம்மைச் சோதனை. சாலி என்ற பொம்மை கூடையில் வைத்த கோலிக்குண்டை, அவள் வெளியே போனதும் ஆன் என்ற இன்னொரு பொம்மை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொன்ன 4 பேரை வாதிடுவோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு: பிறர் நினைப்பதை ஊகிப்பது வேறு, பிறர் வலிக்கு வருந்துவது வேறு. இரண்டாவதை அந்தச் சோதனை அளக்கவே இல்லை.

புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதுமல்ல. தாமே ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், இதை இருதரப்புச் சிக்கல் என்று 2012-இல் எழுதினார். 2017-இல் நோவா சாசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களைச் சில நொடி வீடியோவில் பார்த்தவர்கள் அவர்களோடு பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்தத் தயக்கம் இல்லை.

ஆகவே நம் பக்கத்திலும் மாற்றம் வேண்டும். கண்ணைப் பார்க்காத குழந்தையின் முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். சாடையாக அல்லாமல் நேராகச் சொல்லுங்கள்; பதில் வரும்வரை காத்திருங்கள்.