எல்லாமே படைப்பிரிவு தானா?

"எல்லையில் மேலும் ஒரு படைப்பிரிவு குவிப்பு"ன்னு பேப்பர்ல போட்டா உங்களுக்கு என்ன புரியும்? போனது முப்பது பேரா, எண்ணூறு பேரா, பதினைந்தாயிரம் பேரா? நம்ம பத்திரிகைகளுக்கு பிளட்டூன், பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், ரெஜிமென்ட் எல்லாமே படைப்பிரிவுதான்.

இந்தியக் காலாட்படையில் சுமார் 10 பேர் ஒரு செக்‌ஷன். மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன். மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு மேஜர். நாலு ரைபிள் கம்பெனியும் மற்ற உதவி ஆட்களும் சேர்ந்தால் சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியன், தலைமை கர்னல். பொதுவாக மூணு பட்டாலியன் ஒரு பிரிகேட், தலைமை பிரிகேடியர். அதுக்கு மேல டிவிஷன் (மேஜர் ஜெனரல்), கோர் (லெப்டினன்ட் ஜெனரல்), கடைசியில் கமாண்ட்.

ரெஜிமென்ட் இந்த ஏணியிலேயே கிடையாது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மொத்தமா கிளம்பி சண்டைக்குப் போகாது. அது குடும்பப் பேர் மாதிரி. வெலிங்டனில் பயிற்சி முடிச்சவங்க சேரும் பட்டாலியன்கள் வெவ்வேறு பிரிகேட்களின் கீழே இருக்கும்.

1999 ஜூனில் கார்கில் போரில் தோலோலிங்கைப் பிடித்தது 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் என்கிற பட்டாலியன். அது 56 மலை பிரிகேடின் கீழே இருந்தது. பிரிகேட் 8 மலை டிவிஷனின் கீழே, டிவிஷன் 15-வது கோரின் கீழே. நாலையும் படைப்பிரிவு என்று எழுதினால் மலை ஏறினவன் யாரு, உத்தரவு போட்டவர் யாரு என்பதே மறைஞ்சு போகுது. இழப்பும் அப்படித்தான். டிவிஷனில் இருபது பேர் போவதும், கம்பெனியில் இருபது பேர் போவதும் ஒண்ணா? கம்பெனின்னா ஆறில் ஒருத்தர் இல்லை என்று அர்த்தம்.

நமக்கு இந்தக் கணக்கு புதுசும் இல்லை. மகாபாரதத்தில் ஒரு தேர், ஒரு யானை, மூணு குதிரை, அஞ்சு காலாள் சேர்ந்தது பத்தி. அது மும்மூணாகப் பெருகி, கடைசிப் படியில் மட்டும் பத்து மடங்காகி, ஒவ்வொரு படிக்கும் தனிப்பேரோடு, 21,870 தேர் கொண்ட அக்குரோணியில் முடியும். கூத்து பார்க்கிற பாட்டிக்கும் பதினெட்டு அக்குரோணி தெரியும்!

தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம் :-) படிக்கு ஒரு சொல் என்று எல்லாரும் ஒத்துக்கிட்ட தமிழ்ப்பேர் வந்தால் முதல் ஆளா நான் எழுதறேன். அதுவரை பட்டாலியனை பட்டாலியன்னே எழுதுவோம், பக்கத்தில் எத்தனை பேர்னு ஒரு எண்ணும் போடுவோம். பத்திரிகைக்காரங்க திருந்தற வரை காத்திருக்காம, நாமளாவது நம்ம பதிவுகளில் ஆரம்பிக்கலாமே?