இரண்டு ஷாக் சைக்கிளும் எண்ணெய்க் கணக்கும்

அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் பென்டன்வில் என்றொரு ஊர். வால்மார்ட்டின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் வால்டனின் பேரன்கள் ஸ்டூவர்ட், டாம் இருவருக்கும் சைக்கிள் என்றால் உயிர். 'ஸ்லாட்டர் பென்' என்ற பாதையில் தொடங்கி, குடும்ப அறக்கட்டளையின் பண உதவியோடு, ஊரைச் சுற்றியுள்ள ஓசார்க் குன்றுகளில் மலைச் சைக்கிளுக்கென்றே ஒற்றையடிப் பாதைகள் வெட்டப்பட்டன. உலகின் மலைச் சைக்கிள் தலைநகரம் என்று அந்த ஊர் இப்போது தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதைகளுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இரண்டு ஷாக் சைக்கிள்கள், அதே ஊரிலிருந்து நிர்வகிக்கப்படும் கடைகளில் சில நூறு டாலருக்குப் பல ஆண்டுகளாக விற்றுவந்தன.

வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் நிற்பவரின் கண்ணில் படுவது ஸ்பிரிங். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நல்ல டிரெயில் சைக்கிளிலும் அப்படித்தானே இருக்கிறது? விலை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணில் படாத பொருளில்தான் மீதி நான்கு பங்கும் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

அந்தப் பொருள் எண்ணெய். கல்லில் மோதும்போது ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். அடுத்த நொடியே வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். அந்தத் திருப்பித் தருதலை அடக்குவதற்குத்தான் ஷாக்கின் உள்ளே எண்ணெயும் பிஸ்டனும் இருக்கின்றன. சின்னத் துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த ஆற்றல் சூடாக மாறி அடங்குகிறது. ஷாக் தேய்ந்துபோன பழைய நகரப் பேருந்து வேகத்தடையைத் தாண்டிய பிறகும் மூன்று நான்கு முறை ஆடிக்கொண்டே போவதைப் பின் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். அங்கே ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. அடக்கும் சக்திதான் போய்விட்டது. விலை மலிந்த இரண்டு ஷாக் சைக்கிள் புதிதாக இருக்கும்போதே அந்தப் பேருந்தின் நிலையில் இருக்கிறது.

மலைச் சைக்கிளுக்கு ஷாக் வந்த கதையிலும் எண்ணெயின் அவசியம் தெரிகிறது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகிலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கிய ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1 முன் ஃபோர்க் 1989இல் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 2 அங்குலம்தான் அமுங்கும். ஆனால் அதிலேயே காற்று ஸ்பிரிங்காக இருந்தது, எண்ணெய் அதை அடக்கியது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தை வென்றபோது அவர் சைக்கிளில் இருந்தது ராக்ஷாக்ஸ் ஃபோர்க்தான். பின்பக்கம் ஷாக் வைப்பது எல்லோருக்கும் வழக்கமாகப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே குறைந்த செலவில் முன்னும் பின்னும் ஷாக் உள்ள முழு சஸ்பென்ஷன் சைக்கிள் தேடுபவர் ஷாக்குகளை எண்ணக் கூடாது. எண்ணெயும், அதன் வேகத்தைத் திருகி மாற்றும் வசதியும் எந்த விலையில் தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்குக் கீழே பின் ஷாக்கே வேண்டாம்.

மலிவு சைக்கிளில் பின் ஷாக் சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. அது கேடு செய்கிறது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கத் தவளை போல எகிறி, காலின் பலத்தைத் தின்கிறது. எடை 18 கிலோவைத் தொடும். பின் சக்கரத்தில் பெரும்பாலும் திருகி மாட்டும் பழைய வகை ஃப்ரீவீல். அதில் அச்சுக்கு வலப்பக்கம் தாங்கல் குறைவு என்பதால் இரண்டு மூன்று குதிப்பில் அச்சு வளைந்துவிடும். பின் முக்கோணம் அசையும் இடத்தில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ். சில மாதத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

இதெல்லாம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. சைக்கிள்களை எந்தப் பயன்பாட்டுக்கு என்று பிரிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற அமெரிக்கத் தரநிலை ஒன்று உண்டு. முதல் நிலை தார்ச் சாலை. இரண்டாம் நிலையில் சரளைப் பாதையும் 15 செ.மீ. வரை இறக்கமும்; மூன்றாம் நிலையில் கரடுமுரடான பாதையும் 61 செ.மீ.க்குக் குறைந்த குதிப்பும். நான்காவது, அதில் இரு மடங்கு. பல சைக்கிள்களில் இந்த எண்ணைப் பொறித்த ஸ்டிக்கர் ஃபிரேமின் அடிப்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். விளம்பரப் படத்தில் பாறைமேல் பறக்கும் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தால் கரட்டுப் பாதைக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கை ஒட்டியிருப்பதும் உண்டு. கடைக்குப் போனால் முதலில் குனிந்து அதைத்தான் படிக்க வேண்டும். 2022இல் அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்குகள் சேர்ந்து, உடைவதற்கென்றே செய்த சைக்கிள்களை நிறுத்துங்கள் என்று ஒரு மனு எழுப்பினார்கள். குறைந்தது 500 மணி நேர ஓட்டத்தையாவது தாங்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. ஒரு வாகனத்திடம் இதைக்கூடக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவுக்கு மட்டுமான நோயும் அல்ல இது. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் வேரூன்றிய டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலையைப் பக்கத்தில் வைத்திருக்கும் சென்னையிலும், எட்டாம் வகுப்புப் பையன் கடை வாசலில் அடம்பிடிப்பது 'டபுள் ஷாக்' சைக்கிளுக்குத்தான். டியூஷனுக்குப் போய்வரும் தார்ச் சாலையில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை, மூச்சு வாங்குவதைத் தவிர.

மலிவில் பின் ஷாக் வேண்டாம் என்ற வாதத்துக்கு வால்மார்ட்டே பின்னாளில் செய்தது நல்ல சாட்சி. அது தன் 'ஓசார்க் டிரெயில்' பெயரில் 'ரிட்ஜ்' என்ற மலைச் சைக்கிளை 400 டாலருக்குள் கொண்டுவந்தபோது, டிரெயில் ஓட்டுபவர்களே ஆச்சரியப்பட்டார்கள். காற்று அடைத்துச் சரிசெய்யும் முன் ஃபோர்க், சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் துளை அச்சு, பின்னாளில் ஃபோர்க்கை மாற்ற நினைத்தால் இடம் கொடுக்கும் அகலமான தலைக்குழாய். பின் ஷாக் மட்டும் கிடையாது. அந்தப் பணத்தில் நேர்மையாக ஒரு மலைச் சைக்கிள் செய்ய உட்கார்ந்தால் பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில்தான் வரும்.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் உற்சாகமாகிவிடும். "ஹார்ட்டெயிலில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், முழு சஸ்பென்ஷன் சோம்பேறிகளுக்கு" என்பது மலைச் சைக்கிள் உலகின் பழைய உபதேசம். இருபது வயதில் அது சரியாக இருக்கலாம். நாற்பத்தைந்து வயதில் இடுப்பு வலியோடு வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்குப் பின் ஷாக் சொகுசல்ல, மறுவாரமும் ஓட்டக் கிடைக்கும் அனுமதி. பின் சக்கரம் தரையை விடாமல் பிடித்திருப்பதால் ஏற்றத்திலும் பிரேக்கிலும் கிடைக்கும் பிடிப்பு வேறு. ஆசைப்படுவது தவறில்லை. நேர்மையான முழு சஸ்பென்ஷன் சைக்கிள் அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 டாலரில்தான் தொடங்குகிறது, தள்ளுபடிக் காலத்தில் இன்னும் கொஞ்சம் கீழே. அதை ஏற்றுக்கொண்டு ஆசைப்பட வேண்டும்.

இந்த விலைத் தட்டில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் சில. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உருவாகும் போலிகனின் சிஸ்கியூ, கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியிலிருந்து பெயர் பெற்ற மரின் நிறுவனத்தின் ரிஃப்ட் ஸோன், தைவானின் ஜயன்ட் தரும் ஸ்டான்ஸ். எல்லாம் அலுமினிய ஃபிரேம், 120 முதல் 140 மி.மீ. வரை அமுங்கும் ஷாக், 15 கிலோவை ஒட்டிய எடை. ஸ்டான்ஸில் பின் அச்சருகே மூட்டே இல்லை. பின் கம்பிகள் கொஞ்சம் வளைந்துகொடுத்து அந்த வேலையைப் பார்க்கின்றன. மூட்டு குறைந்தால் பேரிங் செலவும் குறையும். மலிவை ஒளிக்காமல் புத்தியாகச் செய்த மலிவு அது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த விலைக்கு இப்படி ஒரு சைக்கிள் கிடைத்திருக்காது. காரணங்களில் ஒன்று காப்புரிமை. ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் ஹோர்ஸ்ட் லைட்னர், பின் அச்சுக்குச் சற்று முன்னால் செயின் கம்பியில் ஒரு மூட்டை வைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் ஷாக் இறுகாமல் வேலை செய்யும் என்று காட்டிக் காப்புரிமை பெற்றார். 1990களின் பிற்பகுதியில் அந்த உரிமையை ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிறகு அமெரிக்காவில் மற்றவர்கள் அந்த மூட்டைத் தொட வேண்டுமென்றால் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது சுற்றி வளைத்து வேறு வழி பார்க்க வேண்டும். 2010களின் முற்பாதியில் உரிமை காலாவதியானதும் அந்த வடிவம் பொதுச்சொத்தானது.

இன்னொரு காரணம் இன்னும் சுவையானது: கோணத்துக்கு விலை கிடையாது. ஃபோர்க் சாயும் கோணம் பழைய மலைச் சைக்கிள்களில் 71 டிகிரி. நெட்டுக்குத்தாக நின்று, இறக்கத்தில் ஓட்டுபவரைத் தலைகுப்புற அனுப்பத் தயாராக இருக்கும். இன்றைய டிரெயில் சைக்கிளில் 65, 66. முன் சக்கரம் தள்ளி நிற்பதால் இறக்கத்தில் தைரியம் வரும். குழாயை 71இல் பற்றவைத்தாலும் 66இல் பற்றவைத்தாலும் வெல்டருக்குக் கூலி ஒன்றுதான். அதனால்தான் இன்றைய நடுத்தர சைக்கிள், நேற்றைய விலையுயர்ந்த கார்பன் சைக்கிளை இறக்கத்தில் வெட்கப்படவைக்கிறது.

கியரில் மிச்சம் பிடிக்கலாம். ஷிமானோ டியோரில் 10 கியர் போதும். மைக்ரோஷிஃப்ட் இன்னும் மலிவு, குறை சொல்ல அதிகமில்லை. 27 கியர் என்று பீற்றும் சைக்கிளைவிட முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ளது மேல். செயின் கழல்வது குறையும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. நல்ல வேளையாக ஷிமானோவின் அடிமட்ட எம்டி200கூட நம்பி இறங்கலாம். கார்பன் ஹேண்டில்பார், விலையுயர்ந்த ரிம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபிரேமை மட்டும் பிறகு மாற்ற முடியாது. பின் அச்சு 148 மி.மீ. அளவிலான துளை அச்சாக இருக்கிறதா, ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட்டுக்கு உள்ளே கேபிள் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் ஷாக் பம்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியாக வேண்டும். பெடல் இல்லாமலே வரும் சைக்கிள்களும் உண்டு.

ஷாக் பம்ப் வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. காற்று ஷாக்கின் முழுப் பயனே அதில்தான். 55 கிலோ எடையுள்ளவரும் 90 கிலோ எடையுள்ளவரும் ஒரே சைக்கிளை ஓட்டலாம், காற்றழுத்தம்தான் வேறு. ஓட்டுபவர் உட்கார்ந்த உடனே ஷாக் தன் ஓட்ட நீளத்தில் 25 முதல் 30 விழுக்காடு அமுங்கி நிற்க வேண்டும். 50 மி.மீ. ஓடும் ஷாக்கில் 15 மி.மீ. வரை; ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகர்த்தி ஸ்கேலால் அளந்துவிடலாம். 4,000 டாலர் சைக்கிளைக் கடைக்காரர் அடைத்துக் கொடுத்த காற்றோடே ஓட்டுபவர், 1,600 டாலர் சைக்கிளை அளந்து வைத்தவரிடம் தோற்பது டிரெயிலில் சாதாரணக் காட்சி.

கொரோனா காலத்தில் சைக்கிளுக்கு அடிதடி. பிறகு கிடங்கு நிரம்பி வழிந்தது. அந்தச் சரிவில் விலைகள் இறங்கின, சில நிறுவனங்களும் சேர்ந்து இறங்கின. குறைந்த விலை முழு சஸ்பென்ஷனுக்குப் பெயர் வாங்கிய விட்டஸின் சைக்கிள்களை விற்றுவந்த பிரிட்டனின் விகிள்சிஆர்சி 2023 இறுதியில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. பாதி விலையில் கிடைக்கும் ஃபிரேமுக்கு உத்தரவாதம் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதும் விலையில் சேர்ந்ததே.

பழைய சைக்கிள் வாங்குவது இன்னும் நல்ல வழி, கண் திறந்திருந்தால். 26 அங்குலச் சக்கரம் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். நல்ல டயரும் ஃபோர்க்கும் தேடியே காலம் போகும். மற்றபடி, சீட்டைப் பிடித்துச் சைக்கிளை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால் மூட்டுப் பேரிங் போய்விட்டது. பற்றவைத்த இடங்களில் பெயின்ட் கோடு விட்டிருந்தால் அது பெயின்ட் மட்டும்தானா என்று நகத்தால் பார்க்க வேண்டும். ஷாக் தண்டில் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும்.

ஃபோர்க்கின் கீழ்க் கால்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்ஷாக்ஸ். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. 1976இல் மரின் கவுண்டியில் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலையிலிருந்து ஓட்டி இறக்கிப் பந்தயம் நடத்திய இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட பராமரிப்பு ஒவ்வொரு இறக்கத்துக்கும் உரிய வேலை. பின்மிதி பிரேக்கின் கிரீஸ் ஒரே இறக்கத்தில் எரிந்து புகைந்துவிடும், ஒவ்வொரு முறையும் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும்; அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்ற பெயரே அதனால் வந்தது. இன்று பழைய சைக்கிள் விற்பவரிடம் கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது என்று கேட்கலாம். ஃபோர்க்கில் எண்ணெய்கூட இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டால், சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசத் தொடங்கலாம்.