மிதித்தும் நிற்காத வண்டி

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணவர் ஒருவர், 1953-ம் வருஷத்துச் செவர்லே பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிக் குழந்தையைப் போல் சீராட்டி வருகிறார். சென்ற மாதம் அவரிடமிருந்து வந்த கடிதத்தில் வழக்கமான உற்சாகத்தைக் காணோம்.

"ஸார்! முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். கால் வலிக்க மிதித்தும் வண்டி லேசில் நிற்கவில்லை. தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒரு சிறுவனுக்கு ஒரு முழம் இப்பால்தான் நின்றது. அன்று முதல் வண்டியைத் தொடவில்லை. பழைய டிரம் பிரேக்கையே மாட்டிவிடலாமா?"

அவருக்குப் பாஸ்கல் விதியைப் போதித்தவர்கள் நாம். ஆகவே பதில் சொல்லும் கடமையும் நம்முடையதாயிற்று.

டிரம் பிரேக்கை மட்டமென்று எண்ணலாகாது. சுழலும் டிரம், உள்ளேயிருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுகப் பற்றச் செய்கிறது. ஓடும் வண்டியே தன்னை நிறுத்த ஒரு கை கொடுக்கிறது. டிஸ்க் பிரேக்கிலோ இரு புறமும் உள்ள கட்டைகள் தகட்டை நேராக நெரிக்கின்றன. அந்த இனாம் உதவி கிடையாது. ஆனால் நீண்ட மலைச்சரிவில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும்போது, காற்றில் சுழலும் தகடு சூட்டை உதறிவிட்டு உழைக்கும். எனவே, நண்பர் மாற்றியது தவறன்று. அதோடு நிறுத்திக் கொண்டதே தவறு.

இக்காலத்துக் கார்களில் மிதிப்பவருக்குத் துணையாக பூஸ்டர் என்னும் கருவி இருக்கிறது. நண்பரின் வண்டியில் அது இல்லை. எல்லாம் கால் பலந்தான். ஆகையால் மாஸ்டர் ஸிலிண்டரின் விட்டம் எவ்வளவு என்று கேட்டு எழுதினோம். "1⅛ அங்குலம். பெரிதாயிருந்தால் பலம் அதிகம் என்று கடைக்காரர் சொன்னார்" என்று பதில் வந்தது.

அங்கேதான் சூட்சுமம்! கால் 75 ராத்தல் பலத்துடன் மிதிக்கிறது. பெடலின் நெம்புகோல் அதை 6 மடங்காக்குகிறது என்று கொள்வோம். 450 ராத்தல் ஆயிற்று. 1⅛ அங்குல ஸிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர அங்குலம். எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 450 ராத்தல். விட்டத்தை 1 அங்குலமாகக் குறைத்தால், அதே மிதிக்குச் சுமார் 570 ராத்தல் கிடைக்கும். சிறியதே பலசாலி! ஆனால் பெடல் முன்னைவிடக் கால் பங்குக்கு மேல் ஆழமாக இறங்கும். இயற்கை எதையும் விலையின்றித் தருவதில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் எழுதினோம். அவ்வண்டியில் மாஸ்டர் ஸிலிண்டர் காலடிப் பலகைக்குக் கீழே, சக்கரத்திலுள்ள பிரேக்கைவிடத் தாழ்வாக இருக்கிறது. எண்ணெய் பின்வாங்கிவிடாதபடி டிஸ்க் குழாயில் 2 ராத்தலும், பின்புற டிரம் குழாயில் 10 ராத்தலும் அழுத்தத்தைத் தேக்கும் வால்வுகள் வேண்டும். மேலும், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்கிறது. சுமையற்ற பின்புறம் லேசாகிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கும். பின்புற அழுத்தத்தை மட்டுப்படுத்த இன்னொரு வால்வு அவசியம்.

ஒரு காரியத்தை மாத்திரம் நண்பர் சரியாகச் செய்திருந்தார். பழைய ஸிலிண்டரில் அறை ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. அவர் வாங்கியது இரட்டை அறை உள்ளது. அமெரிக்கச் சட்டம் கார்களுக்கு இத்தகைய இரட்டை ஏற்பாட்டை 1968-ல்தான் கட்டாயமாக்கியது.

நேற்று மறு கடிதம் வந்தது. ஆளற்ற மைதானத்தில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாராம். பத்துத் தடவையும் வண்டி நேராக நின்றதாம். பதினோராவது தடவைதான் மகளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாராம்.

பரீட்சையில் அவருக்கு அன்று நாம் கொடுத்த மார்க்கு ஞாபகமில்லை. இன்று நூற்றுக்கு நூறு கொடுக்கிறோம்.