கறுப்புத் தொப்பிகளும் கேட்கப்படாத பாடல்களும்

தி பிளாக் பெல்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழு அது. தங்கள் பெயரையே தலைப்பாக்கி 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஒரே முழு இசைத்தொகுப்பைச் சில மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். அதற்கு உரிய கவனம் கிட்டவில்லை என்ற ஆதங்கமே இதை எழுதவைக்கிறது.

கிட்டாததற்குக் காரணம் இசையல்ல, உடை என்பேன். தலைமுதல் கால்வரை கறுப்பு. அகன்ற விளிம்புள்ள தொப்பி. மேலைக் கதைகளின் சூனியக்காரிகளை நினைவூட்டும் கோதிக் தோற்றம். போதாக்குறைக்குத் தயாரிப்பாளர் ஜாக் வைட்; வெளியிட்டதும் அவருடைய தேர்டு மேன் நிறுவனமே. ஆகவே, ஓர் ஆண் கலைஞர் தம் கற்பனைக்கு வேடம் கட்டி நிறுத்திய பொம்மைகள் இவர்கள் என்று முடிவுகட்டுவது எளிதாகிவிடுகிறது.

வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவில் இருந்த காலத்தில் வைட்டும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற மூன்று நிறங்களுக்குள்தான் தம்மை அடைத்துக்கொண்டார். மனைவியாக இருந்த மெக் வைட்டை உடன்பிறந்தவர் என்றே உலகுக்குச் சொல்லிவந்தார். அதையெல்லாம் கலைஞனின் புனைவு என்று ரசித்தார்கள். பெண்கள் புனைந்தால் மட்டும் அது வெறும் வேடமாகிவிடுமா?

தொப்பியை மறந்துவிட்டுக் கேளுங்கள். 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் வீட்டுக் கார் கொட்டகைகளில் வாசித்துப் பழகிய கராஜ் ராக்கின் முரட்டுத்தனம்தான் இதன் அடித்தளம். அதன்மேல் பழைய பேய்ப்படங்களின் பின்னணிபோல நடுங்கும் ஆர்கன். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஒலிவியா ஜீன் பாடுகிறார், கிட்டாரும் வாசிக்கிறார். கடற்கரைக் கொண்டாட்டத்துக்கென்று பிறந்த சர்ஃப் இசையின் அதிர்வு அவர் கிட்டாரில் உண்டு, வெயில்தான் இல்லை. குரலில் அழுகையோ கூச்சலோ கிடையாது. பழிவாங்கப் போவதை நிதானமாக அறிவிக்கும் ஒருத்தியின் குரலாகவே எனக்குப் படுகிறது. பிற்பாதியில் ஒரே மனநிலை நீடிப்பது சற்று அலுப்புத் தருவதையும் மறைக்க வேண்டியதில்லை.

2011-இல் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர்ட் பாடிய ஒரு பாடலுக்கு இவர்கள் பக்கமிசைத்தார்கள். அங்கும் முன்னால் நின்றவர் ஓர் ஆண்தான்.

ஒலிவியா ஜீன் 2014-இல் தனித்தொகுப்பு வெளியிட்டார். 2022-இல் டெட்ராய்ட் மேடையொன்றிலேயே ஜாக் வைட்டை மணந்தார். இனி இத்தொகுப்பைப் பற்றி எழுதுவோர் அந்தத் திருமணத்திலிருந்தே தொடங்குவார்களோ என்று அஞ்சுகிறேன். பாடல்கள் வெளிவந்தது அதற்குப் பத்தாண்டுகள் முன்பு.